வன்தட்டைக் காணோம்

ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் பழைய கணினி ஒன்று எப்படியும் இருக்கும். பிள்ளைகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. பிள்ளைகள் பாரீசுக்கோ பெங்களூருக்கோ போன பிறகு அதற்குத் துணி போர்த்தி மூலையில் வைத்திருப்போம். யாரும் தொடுவதில்லை. ஆனாலும் பழைய இரும்புக்காரனிடம் போட மனசு வராது, ஏனென்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது. பேத்தி பிறந்த நாளில் எடுத்த படம் இருக்கும், வீட்டுப் பத்திரத்தின் நகல் இருக்கும், யாருக்கோ எழுதிக்கொடுத்த மனு இருக்கும். ஒரு நாள் அது அவசரமாகத் தேவைப்படும். தூசி தட்டி சுவிட்சைப் போடுவோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்று ஒரு வரி வரும். சில கணினிகளில் 'நோ ஹார்ட் டிஸ்க் டிடெக்டட்' என்று வரும். வன்தட்டைக் காணோம் என்கிறது கணினி.

கடந்த மூன்று மாதத்தில் நம் பென்ஷனர் நண்பர்கள் நாலு பேர் இதைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. நான் பொறியாளன் இல்லை. 1972இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்து 2011இல் ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் காணாமல் போன கோப்பைத் தேடுவதில் முப்பத்தொன்பது வருட அனுபவம் உண்டு. இந்த விஷயத்தில் கணினி ஞானத்தைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த அனுபவம்தான்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், 'ஃபைல் நாட் டிரேசபிள்' என்று ஒரு குறிப்பு எழுதுவோம். கோப்பு அழிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. கேட்டவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ரிக்கார்டு ரூம் பூட்டியிருந்திருக்கலாம். எடுத்துவர வேண்டிய பியூன் லீவில் இருந்திருக்கலாம். நம்பர் தப்பாக எழுதப்பட்டிருக்கலாம். விவரம் தெரிந்த குமாஸ்தா முதலில் மூவ்மென்ட் ரிஜிஸ்டரைப் பார்ப்பான். கோப்பு கடைசியாக யார் மேஜைக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று படிப்படியாகப் போவான். எடுத்த எடுப்பில் 'கோப்பு தொலைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் சோம்பேறி.

கணினி சொல்லும் 'வன்தட்டைக் காணோம்' என்பதும் அதே மாதிரிக் குறிப்புதான். கூப்பிட்டேன், பதில் வரவில்லை என்கிறது. பதில் வராததற்கு வன்தட்டு செத்துப்போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கூப்பிடும் குரலுக்கும் பதில் சொல்லும் தட்டுக்கும் நடுவில் மின்சாரம் கொடுக்கும் வயர், செய்தி கொண்டுபோகும் கேபிள், சின்ன பேட்டரி, அமைப்புத் திரை என்று நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களை விசாரிக்காமல் தட்டின் மேல் பழி போடக்கூடாது.

எனக்கு இது தேவைப்பட்ட கதையைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா சைகோனில் வேலை பார்த்தவர். பாண்டிச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பிரெஞ்சு இந்தோசீனாவுக்குப் போகாத ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு. 1955 வரை அவர் அங்கிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் நாற்பத்து மூன்று எங்களிடம் இருந்தன. எல்லாம் தமிழில், நடுநடுவே பிரெஞ்சு வார்த்தைகள், ஏழு என்ற எண்ணுக்கு மட்டும் பிரெஞ்சுக்காரர் மாதிரி குறுக்கே ஒரு கோடு. அம்மா போன பிறகு, 2009இல், சாயங்கால நேரங்களில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். இரண்டு சிடியில் எழுதி ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன், ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டாவது வருடம் டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டு ஓடு பறந்து, ட்ரங்குப் பெட்டி மழையில் ஊறியது. கடிதங்களை எடுத்தபோது மை கரைந்து எல்லாத் தாளும் ஒரே நீலமாக ஒட்டிக்கிடந்தது.

அக்காவுக்கு இந்த ஆவணியில் எண்பது முடிந்தது. முத்தியால்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது. சித்திரையில் ஒரு நாள் போன் செய்து, "தம்பி, அப்பா எனக்கு சப்பாத்து அளவு கேட்டு எழுதுனாரே, அந்தக் கடுதாசிய எனக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டுறியா? பொறந்தநாள் அன்னிக்குப் புள்ளைங்க எல்லாம் வராங்க, அவங்களும் கேக்கட்டும்" என்றார்.

அது 1950இல் எழுதிய கடிதம். அக்காவுக்கு அப்போது ஐந்து வயது. பெண் பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று எங்கள் அப்பாயி ஒரே பிடிவாதமாக இருந்தாராம். அப்பா சைகோனில் இருந்தபடி, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துத்தான் ஆக வேண்டும், கால் அளவை ஒரு நூலில் எடுத்து அடுத்த தபாலில் வைத்து அனுப்பு, சப்பாத்து வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதினார். சப்பாத்து கப்பலில் வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அக்கா, பின்னால் முப்பத்து மூன்று வருடம் ஆசிரியையாக இருந்தார். எனக்கு 'அ'வும் அவர் போட்டுக்கொடுத்ததுதான், 'ஆ பே சே'யும் அவர் போட்டுக்கொடுத்ததுதான்.

சிடியை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. படிக்கவில்லை. அக்காவிடம் இருந்த சிடியும் அதே கதி. வீட்டில் எழுதும் சிடியில் ஒரு சாயப் பூச்சின் மேல்தான் லேசர் எழுதுகிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அந்தச் சாயம் கெட்டுவிடும். பாக்கி இருந்தது 2005இல் வாங்கிய பென்டியம் 4 கணினி, அதற்குள் 80 ஜிபி வன்தட்டு. அதைப் போட்டபோதுதான் மேலே சொன்ன வரி வந்தது.

ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு தம்பி திறந்து பார்த்தார்.

"சார், இது பட்டை கேபிள் காலத்து டிஸ்க்கு. இத மாட்டிப் பாக்க எங்ககிட்ட சாக்கெட்டே இல்ல. டிஸ்க்கு செத்துப்போச்சு சார். உள்ள இருக்கறது வேணும்னா சென்னைக்கு அனுப்பணும். பத்தாயிரம், பதினஞ்சாயிரம் ஆவும். அதுவும் கேரண்டி சொல்ல முடியாது."

"ஏம்ப்பா, மாட்டிப் பாக்க சாக்கெட் இல்லன்னு சொல்றீங்க. அப்புறம் செத்துப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் சிரித்துவிட்டார். "இருபது வருஷம் ஆச்சே சார்!"

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டை கேபிள் புழக்கத்தில் இருந்தபோது அவர் பால்வாடிக்குப் போயிருப்பார். வண்டி வைத்துக் கணினியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

லிசேயில் தெர்மினால் வகுப்பில் எங்களுக்குத் தத்துவம் எடுத்த முசியே, தெகார்த் 1637இல் எழுதிய நூலிலிருந்து நாலு விதிகளை நெட்டுருப் போட வைத்தார். சந்தேகமில்லாமல் தெளிவானதைத் தவிர வேறெதையும் உண்மை என்று ஏற்காதே. பெரிய சிக்கலைச் சின்னச் சின்னதாகப் பிரி. சுலபமானதிலிருந்து தொடங்கிக் கடினமானதற்குப் போ. எதையும் விடவில்லை என்று உறுதியாகும்வரை பட்டியல் போட்டுச் சரிபார். அன்றைக்குப் பரீட்சைக்காகப் படித்தது, இன்றைக்குக் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு நோட்டு எடுத்து, இன்ன தேதி, இன்னது மாற்றினேன், இன்னது நடந்தது என்று மூன்று கலம் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

என் விரல் இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. அதனால் எதிர்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையனைக் கைக்கு உதவியாக வைத்துக்கொண்டேன். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட வேண்டும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும்.

முதல் கேள்வி, தட்டு சுற்றுகிறதா? வன்தட்டு என்பது பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு தட்டுதான். பிரெஞ்சிலும் 'திஸ்க் தியூர்', கெட்டியான தட்டு. முதல் வன்தட்டை ஐபிஎம் 1956இல் கொண்டுவந்தபோது அதில் 24 அங்குல அகலத்தில் ஐம்பது தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு உள்ளங்கை அளவு பெட்டிக்குள், நிமிடத்துக்கு 7200 முறை தட்டு சுற்றுகிறது. அதன் மேல் படிக்கும் முனை, நம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதக்கிறது. சுற்றினால் கையில் தெரியும், காதிலும் கேட்கும். கணினியைப் போட்டுவிட்டு, தட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள்.

இங்கே மூன்று நிலை உண்டு. 'விர்ர்' என்று ஒரே சீராகச் சுற்றினால் தட்டு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது, வெளியே தேடலாம். 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே இருந்தால் படிக்கும் முனை தடுமாறுகிறது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மேலும் கீறும். அந்த நிலையில் உள்ளே இருப்பது முக்கியம் என்றால், செலவானாலும் மீட்பு வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். மூன்றாவது, ஒன்றுமே இல்லாத மௌனம். அப்படியானால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்.

எங்களுடையது மௌனம். வன்தட்டுக்குப் போகும் பவர் பிளக்கில் நாலு வயர் இருக்கும். மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, கறுப்பு இரண்டு. சிவப்பில் 5 வோல்ட், அது மின்னணுப் பலகைக்கு. மஞ்சளில் 12 வோல்ட், அதுதான் தட்டைச் சுற்றும் மோட்டாருக்கு. பையனிடம் சிடி டிரைவுக்குப் போகும் பிளக்கைக் கழற்றித் தட்டுக்கு மாட்டச் சொன்னேன். சுவிட்சைப் போட்டதும் விரலுக்கடியில் லேசாக ஒரு உதறல், அப்புறம் மெதுவாக ஏறும் 'விர்ர்'. பையன், "தாத்தா, சுத்துது!" என்று கத்தினான். பழைய பிளக்கைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மஞ்சள் வயரின் முனை கறுத்துப்போயிருந்தது. நம் ஊர் உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை, இந்தத் தகரத் துணுக்கு எந்த மூலை? நோட்டில் முதல் வரி எழுதினேன்.

சென்னைக்கு அனுப்ப வேண்டிய 'செத்துப்போன' தட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆனால் கணினி இன்னும் காணோம் என்றுதான் சொன்னது.

இரண்டாவது கேள்வி, தேதி சரியாக இருக்கிறதா? கணினி போடும்போது டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலத் திரை ஒன்று வரும். சில கணினிகளுக்கு எஃப்2. அதுதான் பயாஸ் என்னும் அமைப்புத் திரை. எங்கள் கணினியில் தேதி 2003 ஜனவரி 1 என்று இருந்தது. இது தாய்ப்பலகையில் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோனதற்கு அடையாளம். பழைய எட்டணா அளவுக்கு வட்டமாக, 2032 என்று எண் போட்டிருக்கும், 3 வோல்ட். கணினியை நிறுத்தியிருக்கும்போது தேதியையும், நாம் செய்து வைத்த அமைப்புகளையும் மறக்காமல் வைத்திருப்பது இதன் வேலை. இது தீர்ந்தால் கணினிக்கு ஞாபகம் போய்விடும். சில பழைய பலகைகளில் வன்தட்டுக்கு நேராக 'ஆட்டோ' என்று இருந்தது 'நன்' என்று ஆகிவிடும். அல்லது எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசை மாறிவிடும். தெருமுனைக் கடையில் கிடைக்கிற பேட்டரிதான். மாற்றினோம். தேதி போட்டு, எல்லாவற்றையும் 'ஆட்டோ'வில் வைத்து, சேமித்து வெளியே வந்தோம். மறுநாள் போட்டுப் பார்த்தேன், தேதி நின்றிருந்தது. தட்டு மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டு கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தும் வேலை நடக்கவில்லை என்றால், மூன்றாவது தட்டாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். நிரூபணம் ஆகாததை ஏற்காதே என்பது முசியே சொல்லிக்கொடுத்த முதல் விதி. நீலத் திரையை மறுபடி நிதானமாகப் படித்தேன். வன்தட்டு மட்டுமல்ல, சிடி டிரைவும் பட்டியலில் இல்லை. எங்கள் கணினியில் இரண்டும் ஒரே பட்டை கேபிளில் தொங்குகின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு வீட்டுக் குழாயும் கெட்டுப்போனது என்றா நினைப்போம்? தெருக்குழாயைத்தானே பார்ப்போம்?

பட்டை கேபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐடிஇ என்று இதற்குப் பெயர். நாற்பது ஊசித் துளை. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட வயர் முதலாம் எண் ஊசிக்குப் போக வேண்டும். வன்தட்டில் பெரும்பாலும் அந்தப் பக்கம் பவர் பிளக்கை ஒட்டியிருக்கும். பிந்திய கால கேபிளில் மூன்று முனைக்கும் மூன்று நிறம். நீலம் தாய்ப்பலகைக்கு, கறுப்பு முதல் தட்டுக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் நிறம் இரண்டாவதுக்கு. ஒரே கேபிளில் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் 'மாஸ்டர்', ஒருவர் 'ஸ்லேவ்' என்று பின்னால் இருக்கும் சின்ன ஜம்பர் துணுக்கை வைத்துச் சொல்லிவிட வேண்டும். இருவரும் மாஸ்டர் என்று வைத்தால், ஒரு செக்‌ஷனுக்கு இரண்டு சூப்பரிண்டெண்டென்ட் போட்ட கதைதான். ஒரு தாளும் நகராது. எந்த இடத்தில் வைத்தால் மாஸ்டர் என்று தட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்திலேயே படம் போட்டிருக்கும்.

ஜம்பரைப் பார்த்தோம், சரியாக இருந்தது. கேபிளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தோம். மடிப்பு விழுந்த இடத்தில் பட்டை வெடித்து, உள்ளே ஒரு வயர் ஒடிந்திருந்தது. இத்தனை வருட வெக்கையில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அந்தக் கேபிளுக்கு எங்கே போவது? பெரிய கடைகளில் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். சட்டை பனியன் கடைகளைத் தாண்டி, பழைய சார்ஜரும் ரிமோட்டும் கொட்டி வைத்து விற்கும் ஒருவரிடம் வயர் குவியலுக்குள் கை விட்டுத் துழாவினோம். மூன்று பட்டை கேபிள் கிடைத்தது. "எது வேலை செய்யும்?" என்று கேட்டேன். "மூணையும் எடுத்துக்கோ பெரியவரே, ஐம்பது ரூபா குடு" என்றார்.

வீட்டுக்கு வந்து, சிடி டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, வன்தட்டை மட்டும் தனியாக மாட்டினோம். சுலபமானதிலிருந்து தொடங்க வேண்டுமல்லவா? முதல் கேபிளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதை மாட்டி சுவிட்சைப் போட்டதும், திரையில் 'பிரைமரி மாஸ்டர்' என்ற சொல்லுக்கு நேராக, அதுவரை வெற்றிடமாக இருந்த இடத்தில், தட்டின் பெயரும் எண்ணும் வந்தது. அப்புறம் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி. பையன் அந்தப் படத்தை நேரில் பார்த்ததே இல்லையாம்.

தட்டு கிடைத்துவிட்டது என்றதும் அதில் உலாவத் தொடங்கக்கூடாது. முதல் வேலை, வேண்டியதை வெளியே எடுப்பது. கடிதங்கள் இருந்த ஃபோல்டரை பென் டிரைவுக்கு நகல் எடுத்தோம். பழைய கணினியின் யுஎஸ்பி மெதுவானது. காப்பி குடித்து வருவதற்குள் முடிந்தது. நாற்பத்து மூன்று கடிதம், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நோட்டில் டிக் போட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றப் படங்களும் பத்திரங்களும்.

என் கணினியில் மூன்று கோளாறு ஒன்றாக இருந்தது. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். நண்பர்கள் கேட்டதை வைத்து இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நண்பர் பழைய கணினியில் புது வன்தட்டு வாங்கிப் போட்டார், அது பாதிதான் காட்டுகிறது என்றார். பழைய முறையில் தட்டின் இடங்களுக்கு எண் கொடுக்க 28 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் 137 ஜிபிக்கு மேல் இருக்கும் இடத்துக்கு எண்ணே கிடையாது. ஆயிரம் வீடு கட்டிவிட்டு எழுநூறு வீட்டுக்கு மட்டும் கதவு எண் கொடுத்தால், மிச்ச வீட்டுக்குத் தபால் எப்படிப் போகும்? 48 பிட் முறை வந்த பிறகு இது தீர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் முதல் சர்வீஸ் பேக்காவது போட்டிருக்க வேண்டும். கணினியின் பயாஸும் புது முறையை அறிந்திருக்க வேண்டும்.

பட்டைக்குப் பதிலாக மெல்லிய சாட்டா கேபிள் இருந்தால் மாஸ்டர், ஸ்லேவ் தகராறு இல்லை. ஆனால் ஆரம்பகால சாட்டா முனைகளுக்குக் கொக்கி கிடையாது, தொட்டாலே கழன்றுவரும். முதலில் அழுத்தி மாட்டிப் பாருங்கள், முடிந்தால் வேறு கேபிள், வேறு சாக்கெட் மாற்றிப் பாருங்கள். 2004, 2005 வாக்கில் வந்த சில தாய்ப்பலகைகள் 1.5 ஜிகாபிட் வேகம் மட்டுமே அறிந்தவை. 3 ஜிகாபிட் தட்டைப் போட்டால் சிலவற்றுக்கு அடையாளம் தெரியாது. அதற்காகவே பல தட்டுகளின் பின்னால் வேகத்தைக் குறைக்கும் ஜம்பர் ஒன்று வைத்திருந்தார்கள்.

கணினியே மொத்தமாகப் போய்விட்டால், தட்டை மட்டும் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் மாட்டலாம். ஐடிஇ, சாட்டா இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர்கள் உண்டு. தனி பவர் சார்ஜரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பியில் 5 வோல்ட்தான் வரும். மேஜைக் கணினியின் பெரிய தட்டு சுற்ற 12 வோல்ட் வேண்டும் என்று மேலே சொன்னேன். அப்படி மாட்டும்போது புதுக் கணினி, இந்தத் தட்டை 'ஃபார்மட்' செய்யவா, 'இனிஷியலைஸ்' செய்யவா என்று பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டைத் திறந்து உள்ளே பார்க்காதீர்கள், நம் வீட்டுத் தூசி ஒரு துணுக்கு போதும் அதைக் கெடுக்க. கையால் தட்டவும் வேண்டாம், யாரோ சொன்னார்கள் என்று ஃபிரிஜ்ஜில் வைக்கவும் வேண்டாம்.

ஆவணியில் அக்காவின் பிறந்தநாளுக்கு எல்லோரும் முத்தியால்பேட்டையில் கூடியிருந்தோம். கடிதத்தைப் பெரிய எழுத்தாக அச்செடுத்துப் போயிருந்தேன். அவரால் படிக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் தாளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். நான் படித்தேன். கால் அளவு நூல் என்ற இடம் வந்ததும், "இரு, இரு" என்று நிறுத்தி, கொள்ளுப்பேத்தியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறது. "ம், இப்பப் படி தம்பி" என்றார். படித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மீதி நாப்பத்திரெண்டும் கெடச்சுதா?" என்பது. ஆசிரியை அல்லவா, எண்ணிக்கையை விடமாட்டார். இப்போது வாரம் ஒன்று என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் படித்துக் காட்டுகிறேன். ஏழாவது கடிதத்தில் இருக்கிறோம்.

கணினிக்கு பிரெஞ்சில் 'ஒர்தினத்தேர்' என்று பெயர். 1955இல் ஐபிஎம் கேட்டுக்கொண்டபோது, சோர்போனில் பேராசிரியராக இருந்த ழாக் பெரே இந்தச் சொல்லைச் சொன்னார். உலகத்தில் ஒழுங்கை உண்டாக்கும் கடவுளைக் குறிக்க வழங்கிய பழைய சொல் அது. என் வீட்டு ஒர்தினத்தேருக்கு ஒழுங்கை உண்டாக்க ஒரு கிழவனும், ஒரு பிளஸ் டூ பையனும், ஐம்பது ரூபாய் கேபிளும் தேவைப்பட்டது வேறு விஷயம். நகல் எடுத்து வைப்பதற்கு அந்த மொழியில் இருக்கும் 'சோவ்கார்த்' என்ற சொல் எனக்கு அதைவிடப் பிடிக்கும். பாதுகாப்பு என்றே அதற்குப் பொருள்.

கடிதங்கள் இப்போது நாலு இடத்தில் இருக்கின்றன. என் புதுக் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, பாரீசில் இருக்கும் மகனிடம் ஒன்று, காகிதத்தில் அச்செடுத்துத் தைத்த புத்தகமாக அக்காவிடம் ஒன்று. வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது, நாலையும் திறந்து பார்ப்பது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு மூலையில் துணி போர்த்திய பெட்டி இருந்தால், மழைக்காலம் முற்றுவதற்குள் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். காணோம் என்று சொன்னால் பயப்படாமல், மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பட்டை கேபிள் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் ஒன்று உபரியாக இருக்கிறது. வேலை செய்கிறது என்று சோதித்தும் வைத்திருக்கிறேன்.